கேள்விக்குறி போட்ட குடும்பம்

ரத்தம் பொய் சொல்லாது என்று எங்கள் டாக்டர் அடிக்கடி சொல்வார். அந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வரும். ரத்தம் பொய்யும் சொல்லாது, மெய்யும் சொல்லாது. அது பாட்டுக்குக் குழாயில் கிடக்கும். அதைப் பார்த்துவிட்டுப் பேசுகிற ஆள்தான் பொய் சொல்வான், அல்லது அவசரப்படுவான். இதை அவர் முகத்துக்கு நேரே சொல்ல அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை. இருபத்து நான்கு வயது. வேலை நிரந்தரமாகவில்லை. யாராவது அதட்டினால் அழுகை வந்துவிடும். இப்போது பென்ஷன் வாங்குகிறேன், அழுகையும் அவ்வளவு சீக்கிரம் வருவதில்லை, அதனால் எழுதுகிறேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. எங்கள் வீடு தாராவியில் இருந்தது. வாப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, தோல் பட்டறைகளுக்கு நூல், பக்கிள், ஜிப்பு விற்கும் சின்னக் கடை வைத்திருந்தார். நான் மாட்டுங்காவில் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் டெக்னீஷியனாகச் சேர்ந்திருந்தேன். அதன் பெயர் இங்கே வேண்டாம். தெருவில் எனக்கு 'டாக்டரம்மா' என்று பட்டம். காய்ச்சலுக்கு மாத்திரை கேட்டு வருவார்கள். நான் டாக்டர் இல்லை, ரத்தம் பார்க்கிறவள் என்றால், "பாத்துட்டு மாத்திரையும் சொல்ல வேண்டியதுதான, கஞ்சம்" என்பார்கள். ஆராய்ச்சிக்கூடத்திலோ நான் எங்கிருந்து வருகிறேன் என்று ஒருவரும் கேட்டதில்லை. சுத்தமாக உடுத்தி, இங்கிலீஷில் பதில் சொல்லி, டிஃபன் பாக்ஸில் இட்லியும் கொண்டுபோனதால் வசதியான தமிழர்கள் இருக்கிற மாட்டுங்காவில் குடியிருக்கிறேன் என்று அவர்களாகவே முடிவு செய்துகொண்டார்கள். நானும் திருத்தவில்லை.

குழந்தைகளுக்கு வருகிற சர்க்கரை நோயைப் பற்றியது எங்கள் ஆராய்ச்சி. ஐம்பது வயதில் வந்து, காபியில் சர்க்கரையை நிறுத்தச் சொல்கிற நோய் இல்லை இது. உடம்பைக் காவல் காக்க வேண்டிய அணுக்களே, இன்சுலின் சுரக்கும் அணுக்களைப் பகையாளி என்று நினைத்துக் கொன்றுபோடும். வேலியே பயிரை மேய்ந்த கதைதான். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை உயிரோடு இருக்க வேண்டுமானால் தினமும் இன்சுலின் ஊசி போட்டாக வேண்டும். சில பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் இப்படி ஆகிறது? வெளிநாட்டுப் பிள்ளைகளிடம் பார்த்துச் சில மரபணுக்களைச் சந்தேகப் பட்டியலில் வைத்திருந்தார்கள். நம் பிள்ளைகளிடமும் அவைதான் இருக்கின்றனவா, வேறு ஏதாவதா என்று பார்ப்பது எங்கள் வேலை.

அதற்குப் பிள்ளையின் ரத்தம் மட்டும் போதாது. தாய், தகப்பன், கூடப்பிறந்தவர்கள் எல்லாருடையதும் வேண்டும். ஒவ்வொருவரிடமும் அந்த மரபணுக்கள் இரண்டு கட்டுகளாக இருக்கும். தாயின் இரண்டு கட்டில் ஒன்றும் தகப்பனின் இரண்டு கட்டில் ஒன்றும் பிள்ளைக்கு வரும். ஆராய்ச்சியை நடத்திய எங்கள் டாக்டர் இதைக் கலர் பென்சிலால் வரைவார். தகப்பனுக்கு நீலமும் பச்சையும், தாய்க்குச் சிவப்பும் மஞ்சளும். கீழே பிள்ளைகளை வரிசையாகப் போட்டு, எது யாரிடமிருந்து வந்தது என்று நிறம் தீட்டுவார். நோய் வந்த பிள்ளைகளிடம் எந்தக் கட்டு திரும்பத் திரும்ப வருகிறது என்று அதில் தெரிந்துவிடும். பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

ஆனால் அந்த நிறங்களைக் கண்டுபிடித்துக் கொடுக்கிறவள் நான். எடுத்த அன்றே ரத்தத்தைப் பார்த்தாக வேண்டும், வெள்ளணுக்கள் சாகக் கூடாது. குளிர்பானம் குடிக்கிற ஸ்ட்ராவுக்குள் நைலான் பஞ்சைத் திணித்து அதன் வழியே அணுக்களைப் பிரித்தெடுப்போம். பிறகு பொடிப்பொடிக் குழிகள் உள்ள தட்டில் ஒவ்வொரு குழிக்கும் ஒரு சொட்டு. குழிக்குக் குழி வேறு வேறு சீரம், அதாவது ரத்தம் உறைந்தபின் தெளிகிற நீர், இருக்கும். அந்தச் சீரம் எங்கிருந்து வரும் என்று நினைக்கிறீர்கள்? நாலைந்து பிள்ளை பெற்ற தாய்மாரிடமிருந்து. வயிற்றில் வளரும் பிள்ளையிடம் இருக்கிற தகப்பன் வழி அடையாளத்தைத் தாயின் உடம்பு கண்டுகொண்டு, அதற்கு எதிராக ஒன்றை உண்டாக்கி வைத்திருக்கும். அதை வைத்துத்தான் நாங்கள் எல்லாருடைய அடையாளத்தையும் பார்த்தோம். எந்தக் குழியில் அணு செத்துச் சாயம் ஏறியிருக்கிறது என்று மைக்ராஸ்கோப்பில் பார்த்துப் பார்த்து எனக்குக் கழுத்து பிடித்துக்கொள்ளும்.

ஆராய்ச்சியில் சேர்ந்த குடும்பத்துக்கு ஒரு நன்மை உண்டு. நோயாளிப் பிள்ளைக்கு இன்சுலின் நாங்களே கொடுப்போம். சனிக்கிழமைதோறும் வந்து வாங்கிப் போக வேண்டும். எங்கள் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் அப்படித்தான் சேர்ந்தது. எங்கள் வீட்டிலிருந்து இரண்டு சந்து தள்ளி. முன்பின் பழக்கம் இல்லை என்றாலும் பேச்சிலேயே நம் ஊர்ப் பக்கம் என்று தெரிந்துவிட்டது. மூத்தவளைக் கூப்பிடுகிற மாதிரி அந்தத் தாயை 'லாத்தா' என்று கூப்பிட ஆரம்பித்தேன். பதினோரு வயதில் ஒரு மகள், எட்டு வயதில் ஒரு மகன். நோய் மகளுக்கு. அந்தப் பெண் ஊசி போடும்போது அழமாட்டாள். வேறு பக்கம் பார்த்துக்கொண்டு தன் பின்னலை வாயில் கடித்துக்கொள்வாள்.

ரத்தம் எடுக்கிற அன்று நான்கு பேர் வந்தார்கள். லாத்தா, இரண்டு பிள்ளைகள், கையில் ரேஷன் கார்டோடு ஓர் ஆண். கார்டைப் பார்த்துத் தகப்பன் பெயரைப் படித்தேன். "ஆமா" என்று வந்து உட்கார்ந்தார். சம்மதப் படிவத்தில் அந்தப் பெயரையே எழுத்துக் கூட்டிக் கையெழுத்தாகப் போட்டார். நரம்பு கிடைக்காமல் மூன்று தடவை குத்தினேன். மன்னிச்சிக்கிடுங்க என்றதும் சிரித்தார்.

"ஊசி எங்களுக்குப் புதுசா புள்ள? தெனமும் அதோடதான மல்லுக்கட்டுதோம். தையக்காரன் கை, நீ பாட்டுக்குக் குத்து."

பத்து நாள் கழித்து டாக்டர் என்னைக் கூப்பிட்டுப் படத்தைக் காட்டினார். மகனுக்கு நீலமும் மஞ்சளும், அதாவது தகப்பனிடமிருந்து ஒன்று, தாயிடமிருந்து ஒன்று, சரியாக இருந்தது. மகளுக்குத் தாயின் சிவப்பு இருந்தது. மற்றது நீலமும் இல்லை, பச்சையும் இல்லை. வேறு ஏதோ. அந்த இடத்தில் நிறம் தீட்டாமல் கறுப்புப் பென்சிலால் பெரிய கேள்விக்குறி போட்டிருந்தார். தகப்பன் பெயரிலிருந்து மகளுக்குப் போகும் கோட்டை இரண்டு இடத்தில் வெட்டியிருந்தார்.

"பையன் அவனுடையவன். பெண் அவனுடையவள் இல்லை" என்றார். கடைக்காரர் சரக்கு வரவில்லை என்று சொல்வதுபோலச் சொன்னார்.

நான் எங்கேயாவது தட்டை மாற்றி வைத்துவிட்டேனோ என்று முதலில் என்மேல்தான் சந்தேகம் வந்தது. இன்னொரு தடவை பார்க்கட்டுமா என்று கேட்டேன். சீரத்தை வீணாக்க வேண்டாம் என்றார். ஊர் உலகத்தில் ஒரு பெண்ணின் பெயரை வெட்டிப்போட அவருக்கு இரண்டு பென்சில் கோடு போதும். அதைச் சரிபார்க்க நாலு சொட்டு சீரம் அதிகம். இந்தக் கணக்கை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை லாத்தா மருந்து வாங்க வந்தார். டாக்டர் அவரை உள்ளே கூப்பிடச் சொன்னார். பிறகு என்னிடம் இங்கிலீஷில், "இந்தப் பெண் பிறப்பதற்கு முந்தைய வருஷம் இவள் புருஷன் இவளோடு இருந்தானா என்று உன் பாஷையில் கேள்" என்றார்.

கேட்கமாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். வேலையா போய்விடும்? போயிருந்தாலும்தான் என்ன? நான் கேட்டேன். கொஞ்சம் சர்க்கரை தடவிக் கேட்டேன், அவ்வளவுதான்.

"லாத்தா, பெரிய புள்ள பெறக்கதுக்கு முந்தி மச்சான் துபாய் கிபாய்னு எங்கயும் போயிருந்தாவளா?"

லாத்தா டாக்டரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "இல்ல. அவுக எங்கயும் போகல" என்றார். "எதுக்குக் கேக்குதாரு?"

"சும்மாதான். எழுதுறதுக்கு."

"ம்" என்றார்.

டாக்டர் பக்கத்தில் இருந்த உதவியாளரிடம் திரும்பி ஹிந்தியில், "ஜானே தோ, ஜோபட்பட்டி மே யே சப் சல்தா ஹை" என்றார். விட்டுத்தள்ளு, குடிசைப் பகுதியில் இதெல்லாம் சகஜம் என்று அர்த்தம். நான் தமிழில் மொழிபெயர்த்ததால் அந்த அம்மாளுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டார். தாராவியில் மீன் வாங்குகிற ஒருத்திக்கு ஹிந்தி தெரியாமல் இருக்குமா? இவ்வளவு படித்த மனிதருக்கு அது தோன்றவில்லை. அதே ஜோபட்பட்டியிலிருந்து வந்து, அவர் முன்னால் வெள்ளைக் கோட்டோடு நின்றுகொண்டிருந்த எனக்கு முகம் சூடேறியது. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். லாத்தா மருந்துக் குப்பியை முந்தானையில் முடிந்துகொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை, மருந்தை வீட்டில் எப்படி வைத்திருக்கிறார்கள் என்று பார்க்கப் போவதாக எனக்கு நானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். கீழே பட்டறை, மேலே ஏணி வைத்து ஏறுகிற ஓர் அறை. பட்டறையில் ஒருவர் பலகைமேல் தோலை விரித்து, வளைந்த கத்தியால் பையின் அச்சை வைத்து வெட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் லாத்தா, "வா புள்ள, வா" என்று எழுந்தார். கத்தி பிடித்தவரைக் காட்டி, "இவுகதான் ஒங்க மச்சான்" என்றார்.

நான் குத்திய கை இவருடையது இல்லை. இந்த மனிதரை நான் பார்த்ததே இல்லை.

தானே காட்டிக்கொடுத்துவிட்டோம் என்று லாத்தாவுக்கு அப்போதுதான் சுருக்கென்றது. சட்டென்று என் கையைப் பிடித்து ஏணியில் மேலே ஏற்றிவிட்டார். பின்னாலேயே ஏறி வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார். அன்றைக்குப் பையெல்லாம் கட்டி அனுப்ப வேண்டிய நாள். வெட்டுகிற ஆள் எழுந்து போனால் தைக்கிறவர்கள் எல்லாரும் கை கட்டிச் சும்மா உட்கார வேண்டியதுதான். அதனால் தம்பியை அனுப்பிவிட்டார்கள்.

"கொழுந்தன்தான் போவாவ எல்லாத்துக்கும். ரேசனுக்கு அவுகதான். ஸ்கூல்ல கையெழுத்துக்கு அவுகதான். அண்ணனும் தம்பியும் ஒரே ரத்தந்தான, இதுல என்ன வித்தியாசம் இருக்கப் போகுதுன்னுட்டாவ."

எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. ஆத்திரம் அவர்கள்மேல் இல்லை. எங்கள் பகுதியில் கார்டு யார் கையில் இருக்கிறதோ அவர்தான் ஆள். மண்ணெண்ணெய் வரிசையில் ஒருவருக்கு இன்னொருவர் நிற்பார். நானே சின்ன வயதில் என் தங்கச்சி பெயரைச் சொல்லி அம்மை ஊசி போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன், அவள் பயந்து ஒளிந்துகொண்டாள் என்று. நிக்காஹ்விலேயே பெண்ணுக்குப் பதில் அவள் சார்பாக வக்கீல் என்று ஓர் உறவுக்காரர் வந்துதானே சபையில் சம்மதம் சொல்கிறார்? ரத்தம் கொடுக்க ஓர் ஆளுக்கு இன்னோர் ஆள் போவதில் என்ன தப்பு இருக்கும் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? தெரியப்படுத்த வேண்டியவள் நான். படிவம் இங்கிலீஷிலும் மராத்தியிலும் இருந்தது. "எல்லாரும் ரத்தம் குடுக்கணும்" என்று மட்டும்தான் நான் சொன்னேன். எதற்கு என்று சொல்லவில்லை. தாராவிக்காரியாகிய நானே கார்டைப் பார்த்தேனே தவிர ஆளைப் பார்க்கவில்லை.

எல்லாம் எனக்குப் புரிந்துவிட்டது. அண்ணனும் தம்பியும் ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்தாலும் இரண்டு கட்டும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஒன்று பொதுவாக இருக்கலாம், மற்றது வேறாகலாம். பொதுவான நீலம் மகனுக்கு வந்திருக்கும். தகப்பனிடம் மட்டும் இருக்கிற இன்னொன்று மகளுக்கு வந்திருக்கும். தம்பியிடம் அது இல்லை, அதனால்தான் கேள்விக்குறி. நாளைக்கே டாக்டரிடம் சொல்லிவிடுகிறேன் என்று எழுந்தேன். லாத்தா என் மணிக்கட்டை விடவில்லை.

"புள்ள, ஒன் கையப் புடிச்சிக் கேக்குதேன். அந்தாளுட்ட சொல்லிராத. பொய்க் கையெழுத்துப் போட்டுட்டாவன்னு பேர வெட்டிருவாரு. மருந்துக்கு நான் எங்க போவேன்?"

"லாத்தா, அவரு ஒங்களப் பத்தி என்ன நெனச்சிக்கிட்டு இருக்காருன்னு தெரியுமா?"

"ஏன் தெரியாது? எனக்கு இந்தி தெரியாதா?" என்றார். "நெனச்சிட்டுப் போட்டும். அவரு நெனச்சா எம் புள்ளைக்குச் சக்கர ஏறுமா? மருந்து நின்னாத்தான் ஏறும்."

அறையின் மூலையில் தண்ணீர்ப் பானைக்குள், பிளாஸ்டிக் பையில் சுற்றி, அந்த மருந்துக் குப்பி மிதந்துகொண்டிருந்தது. ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் அப்படித்தான் குளிர்ச்சியாக வைப்பார்கள். தன் மானத்தை ஒருவன் முகத்துக்கு நேரே சந்தேகித்தபோது, ஒரு வார்த்தையில் அவன் வாயை அடைத்திருக்கலாம் இந்தப் பெண். அடைக்கவில்லை. அந்தக் குப்பிக்காக விழுங்கிக்கொண்டு வந்துவிட்டார். புருஷனிடம்கூடச் சொல்லவில்லை. அவர் கீழே ஏதும் தெரியாமல் தோலை வெட்டித் தள்ளிக்கொண்டிருந்தார். எனக்கு வந்த கோபத்தில் ஏணியிலிருந்து குதித்துவிடலாம்போல இருந்தது.

"டாக்டருக்குத் தெரியாம மச்சான் ரத்தத்த நானே எடுத்துட்டுப் போறேன் லாத்தா. சரியான கணக்க அவரு முன்னால வச்சிட்டா, மருந்த நிறுத்தமாட்டாரு. குடும்பம் கொறஞ்சா அவருக்குத்தான் நட்டம்" என்றேன். லாத்தா என் மணிக்கட்டை விட்டுவிட்டுச் சரி என்றார்.

மறுநாள் காலையில் வேலைக்குப் போகிற வழியில் பட்டறையிலேயே எடுத்தேன். மச்சான் கத்தியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வலது கையை நீட்டினார். கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. குழாயைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். அனுமதி இல்லாமல் இரண்டு தட்டு எடுத்தேன். வேறு ஒரு நம்பரை எழுதி ஒட்டினேன். அன்று முழுக்க யார் கதவைத் திறந்தாலும் தட்டைக் கையால் மறைத்துக்கொண்டேன். மத்தியானம் மூன்று மணிக்கு மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தேன். நீலத்துக்குரிய குழிகளில் அணுக்கள் செத்திருந்தன. பிறகு, மகளிடம் இருந்த அந்தப் பெயர் தெரியாத கட்டுக்குரிய குழிகளுக்குத் தட்டை நகர்த்தினேன். அங்கேயும் எல்லாம் சாயம் ஏறிக் கறுத்துக் கிடந்தன. தம்பியிடம் இல்லாதது, மகளிடம் இருந்தது, தகப்பனிடம் இருந்தது. நான் ஸ்டூலிலிருந்து எழுந்து, கை கழுவுகிற இடத்துக்குப் போய் அழுதேன்.

டாக்டரிடம் அண்ணன், தம்பி இருவருடைய முடிவுத் தாளையும் கொண்டுபோய் வைத்து, நடந்ததைச் சொன்னேன். என் முறைகேட்டுக்குத் திட்டுவார் என்று தயாராக இருந்தேன். அவர் திட்டவில்லை. சந்தோஷப்பட்டார். "அப்படியானால் இந்தக் குடும்பம் உள்ளே. புதுப் படிவத்தில் கையெழுத்து வாங்கிவிடு" என்றார். மேஜை இழுப்பறையிலிருந்து ரப்பரை எடுத்துக் கேள்விக்குறியையும் வெட்டுக் கோடுகளையும் தகப்பனின் பச்சையையும் அழித்தார். ஊதாப் பென்சிலைத் தேடி எடுத்துத் தகப்பனுக்கும் மகளுக்கும் தீட்டினார். ரப்பர் தூளை ஊதித் தள்ளினார். அவரைப் பொறுத்தவரை முடிந்துவிட்டது.

"சார், அந்த அம்மாவிடம் நீங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டும்" என்றேன். எங்கிருந்து அந்தத் தைரியம் வந்தது என்று தெரியவில்லை.

"எதற்கு? நாம்தான் அவளிடம் ஒன்றுமே சொல்லவில்லையே?"

"அவங்களுக்கு ஹிந்தி தெரியும் சார். நீங்கள் சொன்னது அவங்களுக்குப் புரிந்தது. எனக்கும் புரிந்தது. நானும் தாராவிதான்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீயா? பார்த்தால் தெரியவே இல்லையே!" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். அதுதான் கொடுமை. மன்னிப்பும் கேட்கவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. பின்னால் ஒரு கூட்டத்தில் இதை வேடிக்கைக் கதையாகச் சொன்னார். தாராவியில் ரத்தம் கொடுக்கக்கூட ஆள் வைத்திருக்கிறார்கள் என்றார். எல்லாரும் சிரித்தார்கள். குடிசைப் பகுதியில் இதெல்லாம் சகஜம் என்று தான் சொன்ன இடத்தைக் கதையிலிருந்து எடுத்துவிட்டார். எனக்கு மைக்கைப் பிடுங்கிச் சொல்ல வேண்டும்போல இருந்தது. பிடுங்கவில்லை.

ஆனால் டாக்டரிடம் பேசிய அன்று சாயங்காலம் நான் வெற்றி பெற்றவள் மாதிரிதான் லாத்தா வீட்டுக்குப் போனேன். சனிக்கிழமைவரை காத்திருக்கப் பொறுமை இல்லாமல் அந்த வார மருந்தையும் கையோடு வாங்கிக்கொண்டு போனேன். லாத்தா ஸ்டவ்வில் கண்ணாடி ஊசியை வேகவைத்துக்கொண்டிருந்தார். மகள் பக்கத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அவளைக் கீழே அவளுடைய தம்பியிடம் அனுப்பச் சொன்னேன்.

"எல்லாம் சரியாயிட்டு லாத்தா. மருந்து நிக்காது. மச்சான் புதுப் படிவத்துல ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும். புள்ள மச்சானோட புள்ளதான்னு அச்சடிச்ச மாதிரி தெரிஞ்சிட்டு. இனிமே ஒருத்தரும் வாயத் தெறக்க முடியாது."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார். மருந்துக்குத்தான் அதைச் சொன்னார். முகத்தில் தெம்பு வந்தது. நான் அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

"டாக்டர்ட்ட எடுத்த எடுப்புல சொல்லல லாத்தா. மொதல்ல நானே ஒருத்தருக்கும் தெரியாம பாத்தேன். மச்சான் ரத்தமும் புள்ள ரத்தமும் சேந்துட்டுன்னு தெரிஞ்ச பெறவுதான் அவரு முன்னால கொண்டு போனேன்."

லாத்தா இடுக்கியால் ஊசியை எடுத்துத் தட்டில் வைத்தார். "சேராம இருந்திருந்தா என்ன செஞ்சிருப்ப?" என்று கேட்டார்.

எனக்கு அந்தக் கேள்வியின் கூர்மை தெரியவில்லை. அவருக்காக நான் எவ்வளவு தூரம் போகத் தயாராக இருந்தேன் என்பதைச் சொல்ல ஒரு வாய்ப்புக் கிடைத்ததாகவே நினைத்தேன்.

"தட்டத் தூக்கிக் குப்பையில போட்டிருப்பேன் லாத்தா. செத்தாலும் ஒருத்தர்ட்டயும் சொல்லியிருக்க மாட்டேன்."

அவர் ஸ்டவ்வின் காற்றைத் திறந்துவிட்டார். அது புஸ்ஸென்று அடங்கியது.

"கொழுந்தன்தான் வந்தாவன்னு ஒங்கிட்ட என் வாயால சொன்னேன். அவுக எங்கயும் போகலன்னு அன்னைக்கே சொன்னேன். அதுக்குப் பெறவும் சேராம இருந்தாலும் இருக்கும்னு நெனச்சித்தான பாத்திருக்க?" என்றார். "அவரு இந்தியில நெனச்சாரு. நீ தமிழ்ல நெனச்சிருக்க."

இல்லை லாத்தா என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் மைக்ராஸ்கோப்பில் அந்தக் குழிகளுக்குத் தட்டை நகர்த்திய நேரத்தில் என் விரல் நடுங்கியது எனக்குத் தெரியும். நம்பினவளுக்கு எதற்கு விரல் நடுங்க வேண்டும்?

லாத்தா என் கையிலிருந்த மருந்துக் குப்பியை வாங்கிப் பானைக்குள் வைத்து மூடினார். "இனிமே நீ கொண்டார வேண்டாம் புள்ள. சனிக்கிழம நானே வந்து வாங்கிக்கிடுதேன்" என்றார். குரலில் கோபம் இல்லை. என்னை ஏணிவரை கொண்டுவந்து விட்டார், பார்த்து இறங்கு என்றும் சொன்னார்.

அதற்குப் பிறகு ஆராய்ச்சி முடிகிறவரை, சனிக்கிழமைதோறும் வந்தார். வரிசையில் நின்றார், மருந்தை வாங்கினார், கையெழுத்துப் போட்டார். நான் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார், ஒரு வார்த்தை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அந்த டாக்டர் மன்னிப்புக் கேட்கவில்லை என்று இத்தனை வருஷம் பார்க்கிறவர்களிடமெல்லாம் நான் கொதித்திருக்கிறேன். எத்தனையோ சனிக்கிழமை லாத்தா என் எதிரில் இரண்டடி தூரத்தில் நின்றிருக்கிறார். நானும் கேட்கவில்லை.